ஆன்லைனில் டீச்சிங் அசோசியேட் டிகிரி: கடன் வாங்கிப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் புறநகரில் சனிக்கிழமைதோறும் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வார நாட்களில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை. இதனால், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். வீட்டிலிருந்தே ஆன்லைனில் டீச்சிங் அசோசியேட் டிகிரி படித்தால் வேலை கிடைக்குமா, அதற்குக் கடன் வாங்கலாமா?

வாரம் ஒருவருக்குச் சொல்வதை எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். தொகைகளும் கடன் விதிகளும் 2025-26 கல்வியாண்டை ஒட்டியவை. மாநில விவரங்கள் பெரும்பாலும் நான் இருக்கும் டெக்சஸைப் பற்றியவை.

அக்கா, அசோசியேட் டிகிரின்னா என்ன? நம்ம ஊர் டிப்ளமா மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். அமெரிக்காவில் பேச்சலர் டிகிரிக்குச் சுமார் 120 கிரெடிட், அதாவது பாட அலகு, வேண்டும். அதில் பாதி, 60 கிரெடிட் முடித்தால் தருவது அசோசியேட் டிகிரி. முழு நேரமாகப் படித்தால் இரண்டு வருடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்று எடுத்தால் ஐந்து வருடம் இழுக்கும். விளம்பரத்தில் "இரண்டே வருடம்" என்று வருவதைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஊர் டிப்ளமாவோடு பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்தவர் இடைநிலை ஆசிரியர் வேலைக்குப் போகலாம். அந்த நினைப்பில்தான் நம்மவர்கள் பலர் இங்கே அசோசியேட்டில் சேர்கிறார்கள். இங்கே கணக்கு வேறு. அதுதான் அடுத்த கேள்வி.

அப்போ இதை முடிச்சா டீச்சர் ஆகிடலாம்ல?

அரசுப் பள்ளியில் வகுப்பாசிரியர் ஆக முடியாது. அதற்குப் பொதுவாக எல்லா மாநிலங்களிலும் பேச்சலர் டிகிரியும் மாநில உரிமமும் வேண்டும். அசோசியேட் திறந்துவிடும் கதவுகள் முக்கியமாக மூன்று. ஒன்று, அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை. பாராப்ரொஃபெஷனல் என்பார்கள், பேச்சு வழக்கில் பாரா. இரண்டு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு பணம் தரும் ஹெட் ஸ்டார்ட் மையங்களில் ஆசிரியர் வேலை. 2007-ல் திருத்திய சட்டப்படி அங்கே வகுப்பாசிரியருக்குக் குறைந்தது குழந்தைக் கல்வியிலோ அதை ஒட்டிய துறையிலோ அசோசியேட் வேண்டும். மூன்று, தனியார் டேகேரிலும் ப்ரீஸ்கூலிலும் ஆசிரியர் வேலை.

இந்த மூன்றில் இரண்டுக்கு வேறு சாவியும் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் டைட்டில் ஒன் நிதியைப் பெறும் பள்ளிகளில் பாரா ஆக, இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அல்லது அசோசியேட், அல்லது ஒரு தகுதித் தேர்வு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பல மாநிலங்களில் அந்தத் தேர்வு, இடிஎஸ் என்ற தேர்வு நிறுவனம் நடத்தும் பாராப்ரோ. 90 கேள்வி, இரண்டரை மணி நேரம், கட்டணம் நூறு டாலருக்குள். டெக்சஸில் தனியார் டேகேர் ஆசிரியருக்கு மாநிலம் கேட்பது பள்ளிப் படிப்பும் 24 மணி நேர முன்பயிற்சியும்தான். டிகிரி இருந்தால் நல்லது என்பார்கள், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொல்வதில்லை.

சம்பளம் எவ்வளவு வரும்? உண்மையைச் சொல்லுங்க.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் மே 2023 கணக்குப்படி நாடு முழுவதற்குமான நடுமட்டச் சம்பளம் இது. ப்ரீஸ்கூல் ஆசிரியருக்கு வருடம் 37,000 டாலரை ஒட்டி, பள்ளி உதவி ஆசிரியருக்கு 35,500, டேகேர் பணியாளருக்கு 30,000. உரிமம் பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 63,000-க்கு மேல். அசோசியேட்டுக்கும் ஆசிரியர் உரிமத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை இந்த எண்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரா வேலையில் கையில் வருவது இதைவிடக் குறைவாக இருக்கலாம். மணிக்கு 18 டாலர், நாளுக்கு ஏழரை மணி நேரம், வருடத்துக்கு 185 நாள் என்றால் 25,000 டாலர்தான் வருகிறது. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. சில டிஸ்ட்ரிக்ட்களில், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களில், அதே தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துத் தருவார்கள், பார்க்க வருட வேலை போலத் தெரியும். ஆனால் டிஸ்ட்ரிக்ட் வேலையில் மருத்துவக் காப்பீடு கிடைக்கும், டெக்சஸில் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ப்பார்கள். சின்ன டேகேர்களில் இவை இரண்டும் பல நேரம் இருக்காது.

படிக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?

எங்கே படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று மடங்குகூட மாறும். உங்கள் மாவட்டத்து கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், முழு நேரப் படிப்புக்கு நாட்டு சராசரி வருடம் 4,000 டாலரை ஒட்டி வருகிறது. இரண்டு வருடத்துக்கு 8,000. அப்புறம் புத்தகம், பின்னணிச் சோதனை, பயிற்சிக்குப் போய்வரும் பெட்ரோல். இந்தக் காலேஜ்களில் பெரும்பாலானவை ஆன்லைனிலும் அதே பாடங்களை நடத்துகின்றன. தேடலில் முதலில் வருவது விளம்பரம் கொடுத்த காலேஜ் என்பதால் பக்கத்துக் காலேஜ் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

விளம்பரக் காலேஜ் கிரெடிட்டுக்கு 400 டாலர் கேட்கிறது என்று வையுங்கள். 60 கிரெடிட்டுக்கு 24,000. இரண்டு இடத்திலும் கிடைப்பது அதே அசோசியேட், போகப்போவது அதே பாரா வேலை. சம்பளம் தருபவர் எந்தக் காலேஜ் என்று பார்த்து மணிக்கு ஒரு டாலர் கூட்டித் தருவதில்லை. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

சரி, கடனையும் சம்பளத்தையும் எப்படி எடை போடுறது? "வருஷம் 35,000 வரும், கடன் 20,000தான்"னு கணக்குப் போட்டேன். சரியா?

அங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். நிதி ஆலோசகர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் அது சரியாக வரலாம். இந்தப் படிப்புக்கு வராது. டிகிரி இல்லாமலே அந்தச் சம்பளத்தின் பெரும்பங்கு உங்களுக்குக் கிடைத்துவிடும். ஆகவே கடனை முழுச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். டிகிரியால் கூடும் சம்பளத்தோடு, அதுவும் வரி போகக் கையில் வரும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

ஓர் உதாரணம். டிகிரி இல்லாமல் டேகேரில் மணிக்கு 15 டாலர், அசோசியேட்டுக்குப் பிறகு 17 என்று வைப்போம். இரண்டு டாலர் உயர்வு, முழு நேரம் வருடம் 2,080 மணி நேரம், ஆக 4,160 டாலர். ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் சேர்த்து 7.65 சதவீதம் போகும். கணவர் ஐடி சம்பளத்தில் இருந்து, சேர்ந்து வரி தாக்கல் செய்து, 22 சதவீத அடுக்கில் இருந்தால் உங்கள் சம்பள உயர்வுக்கும் அதே 22 சதவீதம். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. எல்லாம் போக மாதம் 244 டாலர் மிஞ்சும். இப்போது கடன் பக்கம். மணமான மாணவருக்கு முதல் இரண்டு வருடத்தில் மத்திய அரசுக் கடன் அதிகபட்சம் 9,500-ம் 10,500-ம், மொத்தம் 20,000. 2025-26-ல் வட்டி 6.39 சதவீதம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 226 டாலர். கூடுதல் சம்பளம் 244, தவணை 226. பத்து வருடம் மாதம் 18 டாலருக்காகப் படித்ததாக ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதைத்தான்.

அதே படிப்பைக் கம்யூனிட்டி காலேஜில், 8,000-ஐயும் கடனாகவே வாங்கிப் படித்திருந்தால் தவணை மாதம் 90 டாலர். அப்போது 150 டாலருக்கு மேல் கையில் நிற்கும். நான் எல்லாரிடமும் சொல்லும் அளவு இதுதான்: கூடுதலாகக் கையில் வரும் பணத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிறது என்றால் அந்தக் கடன் வேண்டாம். இன்னொன்று, சேரும் முன்பே டிஸ்ட்ரிக்டின் எச்ஆரைக் கூப்பிட்டு, "அசோசியேட் இருந்தால் மணிக்கு எவ்வளவு கூடும்?" என்று கேளுங்கள். சில இடங்களில் ஒரு சென்ட்கூட கூடாது, வேலைத் தரத்தையும் அனுபவத்தையும் வைத்துத்தான் சம்பளம். அந்தப் பதில் வந்தால் மேலே போட்ட கணக்கே தேவையில்லை.

ஃபாஃப்சா போட்டா அரசாங்கமே காசு தரும்னாங்க. நான் எச்4-ல இருக்கேன், எனக்கும் வருமா?

வராது. ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம். அதன் வழியாகக் கிடைக்கும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்டும் மத்திய அரசுக் கடனும் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதி போன்ற சில பிரிவினருக்கும்தான். எச்1பி வேலை விசா, அதில் இருப்பவரின் துணைக்கான எச்4, மாணவர் விசாவான எஃப்1, யாருக்கும் இல்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கும் இல்லை. இஏடி கையில் இருந்தாலும் அது வேலைக்கான அனுமதி மட்டும்தான், கல்வி உதவிக்கு உதவாது.

எச்4-ல் படிக்கத் தடை இல்லை. டெக்சஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் குடியிருப்பு நிபந்தனைகளை நிறைவேற்றினால் உள்ளூர்க் கட்டணமே வாங்குவார்கள், அதைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் முன் இருக்கும் ஆபத்து தனியார் வங்கிக் கடன். வட்டி அதிகம், கணவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், வருமானத்துக்கேற்ற தவணையோ தள்ளுபடியோ கிடையாது. அதோடு, 2015 மே முதல் இருக்கும் விதிப்படி எச்4 இஏடிக்கு, பொதுவாகச் சொன்னால், கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு, ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். இஏடி இல்லாமல் கடன் வாங்கிப் படித்து முடித்தால் சம்பாதிக்கவே அனுமதி இருக்காது, தவணை மட்டும் ஆரம்பித்துவிடும். இஏடி வராத எச்4 தோழிகளுக்கு என் பதில் ஒன்றுதான்: இந்தப் படிப்புக்காக ஒரு டாலர்கூடக் கடன் வாங்காதீர்கள்.

நான் ஊர்ல பி.எஸ்சி மேத்ஸ், பி.எட் முடிச்சிருக்கேன். இங்க மறுபடி அசோசியேட்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். பெரும்பாலும் வேண்டவே வேண்டாம். கையில் பேச்சலர் டிகிரி உள்ளவர் அசோசியேட் படிப்பது, மாடிக்கு ஏறிய பிறகு கீழே இறங்கிவந்து முதல் படியிலிருந்து எண்ணுவது போல. பி.இ. முடித்தவர், எம்.சி.ஏ. முடித்தவர், ஊரில் ஆறு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவர் என்று எத்தனையோ பேர் இதில் போய்ச் சேருகிறார்கள். விளம்பரக் காலேஜின் அழைப்பு மையத்தில் பேசும் ஆள் "உங்கள் வெளிநாட்டு டிகிரி இங்கே செல்லாது" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார், இவர்கள் நம்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை அப்படி 14,000 டாலர் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தாள். அவளுடைய எம்.எஸ்சி. சான்றிதழை அதுவரை யாரும் மதிப்பீட்டுக்கு அனுப்பக்கூடச் சொல்லவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் மதிப்பெண் பட்டியல்களை அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிறுவனத்திடம் பாடவாரி மதிப்பீட்டுக்கு அனுப்புவது. நேசஸ் கூட்டமைப்பில் உள்ள நிறுவனங்கள் இதைச் செய்கின்றன, டபிள்யூஇஎஸ் அதில் ஒன்று. எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். நான்கு வருட பி.இ. நேராக பேச்சலருக்குச் சமமாக வந்துவிடும். மூன்று வருட பி.எஸ்சி.யைச் சிலர் முழு பேச்சலராக எடுப்பார்கள், சிலர் மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதுவார்கள். அதோடு பி.எட். அல்லது எம்.எஸ்சி. இருந்தால் சேர்த்தே அனுப்புங்கள். மூன்று வருடம் என்று மட்டும் வந்தாலும் கெட்டுப்போகவில்லை. பாரா வேலைக்குக் கேட்கும் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை அது தாண்டிவிட்டது.

பேச்சலருக்குச் சமம் என்று வந்துவிட்டால், டெக்சஸில் ஆசிரியர் உரிமம் பெற மாற்றுச் சான்றிதழ்த் திட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. சில ஆயிரம் டாலர் கட்டணம், ஆங்கிலத் தேர்வு கேட்கலாம், பாடத் தேர்வு எழுத வேண்டும். அப்புறம் ஒரு வருட இன்டர்ன் சான்றிதழோடு முழுச் சம்பளத்தில் வகுப்பாசிரியராகவே வேலை பார்த்துக்கொண்டு மீதியை முடிக்கலாம். டாலஸ் சுற்றுவட்டார டிஸ்ட்ரிக்ட்களில் புது ஆசிரியருக்கு 60,000 டாலரை ஒட்டித் தருகிறார்கள். கணிதம் படித்தவருக்கு வேலை கிடைப்பது இன்னும் எளிது. கிரீன் கார்டு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சலர் டிகிரி, அது இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும், இருந்தால் பெல் கிராண்ட் கிடையாது. அசோசியேட்டில் சேர்ந்தால் கிடைப்பது கடன் மட்டும்தான்.

முதல்ல அசோசியேட் முடிச்சுட்டு, அப்புறம் அதை வச்சே பேச்சலர் போகலாம்ல?

ஊரில் டிகிரி முடிக்காதவருக்கு இது நல்ல வழி, எனக்குப் பிடித்த வழியும்கூட. முதல் இரண்டு வருடத்தைக் குறைந்த கட்டணத்தில் முடித்துவிட்டு, மீதி இரண்டு வருடத்துக்குப் பல்கலைக்கழகம் போகலாம். ஆனால் எல்லா அசோசியேட்டும் அப்படி நகராது. டிகிரியின் பெயரில் உள்ள சுருக்கெழுத்தைப் பாருங்கள். ஏஏ, ஏஎஸ், அல்லது டெக்சஸிலும் மேரிலாந்திலும் உள்ள ஏஏடி ஆகியவை பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே அமைத்தவை. ஏஏஎஸ் என்று இருந்தால் அது நேராக வேலைக்குப் போவதற்கானது. அதன் கிரெடிட்டுகளில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காமல் போகலாம். ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு வருடப் படிப்பும் பணமும் வீணாகும்.

சேரும் முன்பே, நீங்கள் பிறகு போக நினைக்கும் பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டு, "இந்தக் காலேஜின் இந்தப் படிப்பை முழுதாக எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். படித்த இடத்திலேயே பேச்சலரையும் முடிக்கும் வசதிகூட இப்போது சில கம்யூனிட்டி காலேஜ்களில் வந்துவிட்டது. டாலஸ் காலேஜ் 2021-ல் குழந்தைக் கல்வியில் பேச்சலர் டிகிரி ஆரம்பித்தது.

முழுக்க முழுக்க ஆன்லைன்னு சொன்னாங்களே, வெளிய போகவே வேண்டாமா?

பாடம் ஆன்லைன். பயிற்சி நேரில்தான். பிள்ளைகளைக் கவனித்து எழுதும் மணி நேரங்களும், ஒரு மையத்தில் செய்ய வேண்டிய பயிற்சியும் பெரும்பாலான படிப்புகளில் உண்டு. அந்த நாட்களில் உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் செலவில் சேருங்கள். இஏடி இல்லாத எச்4 தோழிகள், சம்பளமில்லாத பயிற்சி என்றாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வேலை பார்த்தா கடனைத் தள்ளுபடி பண்ணிடுவாங்களாமே?

இதில் மூன்று திட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஆசிரியர் கடன் தள்ளுபடி என்பது, வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருடம் முழு நேர ஆசிரியராக இருப்பவருக்கு. பொதுவாக 5,000 டாலர் வரை. உயர்நிலைக் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி என்றால் 17,500 வரை. இது உரிமம் பெற்ற ஆசிரியருக்கு மட்டும். பாராவுக்கு இல்லை.

பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி பாராவுக்கும் உண்டு. டிஸ்ட்ரிக்டிலோ லாப நோக்கமில்லாத ப்ரீஸ்கூலிலோ வாரம் 30 மணி நேரமாவது வேலை பார்த்து 120 மாதத் தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்வார்கள். லாபத்துக்கு நடக்கும் டேகேர் இதில் சேராது. ஆனால் 120 மாதம் என்பது பத்து வருடம். சாதாரண பத்து வருடத் தவணையில் கட்டினால் அப்போது தள்ளுபடி செய்ய மீதி ஒன்றுமே இருக்காது. வருமானத்துக்கேற்ற குறைந்த தவணை கட்டுபவருக்குத்தான் இது உதவும். அது நம் குடும்பங்களுக்குப் பொருந்துமா என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

மூன்றாவது டீச் கிராண்ட். வருடம் 4,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக வரும். பெயரில் கிராண்ட் என்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள், தேவை அதிகம் உள்ள பாடத்தில், வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் நான்கு வருடம் ஆசிரியராக வேலை பார்க்காவிட்டால் முழுத் தொகையும் கடனாக மாறும். வட்டியும் பணம் வாங்கிய நாளிலிருந்தே கணக்காகும். அசோசியேட்டோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர் இதைத் தொடவே கூடாது.

என் சம்பளம் கம்மிதானே, அதுக்கேத்த மாதிரி சின்னத் தவணை கட்டிக்கலாம்னு லோன் ஆபீஸ்ல சொன்னாங்க.

உங்கள் சம்பளம் மட்டும் என்றால் சரி. 2026 ஜூலை 1 முதல் வாங்கும் புதுக் கடனுக்கு வருமானத்துக்கேற்ற திட்டம் ஒன்றுதான், சுருக்கமாக ரேப் என்கிறார்கள். வருட வருமானம் 36,000 என்றால் அதில் 3 சதவீதம், மாதம் 90 டாலர். சார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் 50 டாலர் கழியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணவரோடு சேர்ந்து வரி தாக்கல் செய்தால் அவருடைய வருமானமும் கணக்கில் வந்துவிடும். உங்களுடைய 36,000, அவருடைய 1,20,000, மொத்தம் 1,56,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம், மாதம் 1,300 டாலர். 20,000 டாலர் கடனுக்குச் சாதாரணத் தவணையே 226தான் என்று மேலே பார்த்தோம்.

தனித்தனியாகத் தாக்கல் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். வரிச் சலுகைகள் பல போய்விடும். அதிலும் டெக்சஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் கணவன் மனைவி சம்பாதிப்பது இருவருக்கும் பொதுச் சொத்து. தனியாகத் தாக்கல் செய்தாலும் ஆளுக்குப் பாதி, 78,000 என்றுதான் காட்ட வேண்டும். அதற்கு 7 சதவீதம், மாதம் 455. ஆகவே ஒருவர் நன்றாகச் சம்பாதிக்கும் வீட்டில் "சின்னத் தவணை" என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவுக்கு இதே திட்டம் உண்மையிலேயே கைகொடுக்கும். ஒரே திட்டம், இரண்டு வீட்டுக்கு இரண்டு விதம்.

அப்போ கடனே வாங்காம படிக்க வழி இருக்கா?

இருக்கிறது. எனக்குத் தெரிந்து நன்றாக வந்தவர்கள் எல்லாரும் வேலையை முதலில் பிடித்து, படிப்பைப் பின்னால் சேர்த்துக்கொண்டவர்கள். 1990-ல் வட கரோலினாவில் ஆரம்பித்த டீச் எர்லி சைல்ட்ஹுட் உதவித்தொகை இன்று டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் இருக்கிறது. மேலே சொன்ன டீச் கிராண்ட் வேறு, இது வேறு. டேகேரில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்குக் கட்டணத்தின் பெரும்பகுதியை அதுவே ஏற்கும், மையமும் ஒரு பங்கு தரும், நீங்கள் கட்டுவது சிறு பங்கு. பதிலுக்கு அந்த மையத்தில் குறிப்பிட்ட காலம் தொடர வேண்டும். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில், பள்ளி உதவியாளராக வேலை பார்த்தபடி ஆசிரியர் உரிமத்துக்குப் படிப்பவருக்குக் கட்டண விலக்குத் திட்டம் ஒன்று உண்டு. எல்லாக் கல்லூரியிலும் இல்லை, நிதி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். டென்னசி, மிச்சிகன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் வயது வந்தவர்கள் கட்டணமில்லாமல் கம்யூனிட்டி காலேஜ் படிக்க ரீகனெக்ட் திட்டங்கள் இருக்கின்றன.

கிரீன் கார்டும் குறைந்த வருமானமும் உள்ள, முன்பு டிகிரி வாங்காதவருக்கு பெல் கிராண்ட் வருடம் 7,395 டாலர் வரை கிடைக்கும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் அதிலேயே அடங்கிவிடும். மற்றவர்கள் ஒரு செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பாடம் என்று கைக்காசில் கட்டலாம். வரி தாக்கலில் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகையைக் கேட்டால், சேர்ந்த குடும்ப வருமானம் 1,60,000-க்குள் இருந்தால், கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம் வரியில் கழியும். 4,000 கட்டினால் 800 டாலர்.

டிகிரிக்கு முன்னால் சிடிஏ என்ற குழந்தைக் கல்விச் சான்றிதழையும் யோசியுங்கள். 120 மணி நேரப் படிப்பு, பிள்ளைகளோடு 480 மணி நேர வேலை அனுபவம். அசோசியேட்டின் செலவில் சிறு பங்குதான். பல கம்யூனிட்டி காலேஜ்கள் பிறகு அதற்குக் கிரெடிட்டும் தருகின்றன.

சேர்ந்துட்டேன், ரெண்டு செமஸ்டர் ஆச்சு. பிடிக்கலை. பாதியில விட்டா என்ன ஆகும்?

கடன் விடாது. பாதி நேரப் படிப்புக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும், டிகிரி வந்ததா இல்லையா என்று பார்க்காது. இதைவிட மோசமான நிலை கிடையாது. மேலே சொன்ன 244 டாலர் உயர்வும் இருக்காது, தவணை மட்டும் இருக்கும்.

விடுவது என்று முடிவெடுத்தால் நாள் பார்த்து விடுங்கள். செமஸ்டரில் 60 சதவீதம் கடப்பதற்கு முன் விலகினால், காலேஜ் உதவித் தொகையின் ஒரு பகுதியை அரசுக்குத் திருப்பிக் கட்டிவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கும். நடக்கும் செமஸ்டரை முடித்துவிட்டு, கிரெடிட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு, விலை குறைந்த காலேஜுக்கு மாற முடியுமா என்று பாருங்கள். முடித்த கிரெடிட்டுகள் பாரா வேலையின் இரண்டு வருடக் கணக்கிலும் சேரும்.

சில படிப்புகளுக்கு அரசாங்கம் லோன் தர்றதை நிறுத்தப் போகுதாமே? நம்ம படிப்பும் அதுல வருமா?

வரக்கூடும். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, ஒரு படிப்பை முடித்தவர்களின் நடுமட்ட வருமானம், அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதுக்காரர்களின் வருமானத்தைவிடக் குறைவாக இருந்தால், மூன்று வருடத்தில் இரண்டு முறை அப்படி ஆனால், அந்தப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் நின்றுவிடும். குழந்தைக் கல்வி சம்பளம் குறைந்த துறை என்பதால் இந்தச் சோதனை அதற்குக் கடினம். காலேஜ் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளை வளர்க்கும் வேலைக்கு இந்த நாடு தரும் கூலி அவ்வளவுதான், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

உங்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் காலேஜ் பெயரையும் படிப்பையும் போட்டால், முடித்தவர்களின் நடுமட்டக் கடனும் வருமானமும் பெரும்பாலும் வரும். சிறிய படிப்புகளுக்கு எண் இருக்காது. இருக்கும் இடத்தில், பள்ளிப் படிப்பு மட்டும் உள்ளவர் சம்பாதிப்பதைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். அந்த எண்ணைப் பற்றிக் காலேஜின் அழைப்பு மையத்தில் கேளுங்கள். பதில் சொல்லாமல் "இன்றே சேர்ந்தால் சலுகை" என்று பேச்சை மாற்றினால் போனை வைத்துவிடலாம்.

கணக்கெல்லாம் சரிக்கா. ஆனா எனக்குப் பிள்ளைகளோட இருக்கறதுதான் பிடிக்கும். அதுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. நானும் அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். என் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரத்தில் நானும் வீட்டில் இருக்கிறேன், அவர்கள் விடுமுறைதான் என் விடுமுறை. ஆங்கிலம் தெரியாமல் ஆகஸ்டில் வகுப்புக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளை டிசம்பரில் கையைத் தூக்கிப் பதில் சொல்வதைப் பார்ப்பது சம்பளத்தில் வராது. பிடித்த வேலை என்பதாலேயே கடனில் மாட்டக் கூடாது என்கிறேன். தவணை நெருக்கினால், இரண்டாவது வருடமே சம்பளம் கூடிய வேறு வேலைக்குப் போகத் தோன்றும். அப்படிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு செமஸ்டர் வேலை பார்த்துவிடுங்கள், வேலை அனுமதி இருந்தால். டிஸ்ட்ரிக்ட்கள் பாரா வேலைகளை அதிகமாக அறிவிப்பது ஜூலை, ஆகஸ்டில். சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு வருடம் முழுவதுமே ஆள் தேவைப்படும். விண்ணப்பத்தோடு ஊர் மதிப்பெண் பட்டியலின் மதிப்பீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த வருடங்களையும் அனுபவம் என்ற இடத்தில் எழுதுங்கள். நம்மவர்கள் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.